தமிழ் படிப்பவருக்கு ஐ.ஐ.டி. எதற்கு?

பொறியியல் படிக்காத, படிக்க விரும்பவும் செய்யாத ஒரு மாணவருக்குப் பெரிய பொறியியல் கல்லூரிகளின் மீது ஏன் இத்தனை ஏக்கம்? கலைக் கல்லூரி ஆசிரியர்களாகிய நாம் துறை அறையில் இதைப் பேசும்போதெல்லாம் இரண்டு விடைகளோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒன்று சம்பளம், மற்றொன்று பெயர் மோகம். இரண்டும் பொய்யல்ல. ஆயினும் இரண்டுமே மாணவரைக் கூண்டில் ஏற்றிவிட்டு ஆசிரியரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவைக்கிற விடைகள். அந்த ஏக்கத்தில் நம் பங்கு என்ன என்ற கேள்வி அவற்றில் எழுவதே இல்லை.

காரைக்காலில் இந்த ஏக்கத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஊர் சிறியது. பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் இரண்டு லட்சம் பேர். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. இந்தச் சிறு நிலத்துக்குள் 1987இல் வேளாண் கல்லூரி வந்தது, 2007இல் காமராசர் பெயரில் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரி, 2010இல் என்.ஐ.டி.; 2016இல் ஜிப்மரின் கிளை. கலைக் கல்லூரிகளோ இவற்றுக்கெல்லாம் மூத்தவை. மூத்த பிள்ளைக்குக் கிடைக்கிற மரியாதை இக்காலத்தில் என்னவோ அதுவே அவற்றுக்கும்.

புதுச்சேரி என்.ஐ.டி. என்ற பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் ஏமாறுவதுண்டு. அது புதுச்சேரியில் இல்லை. அங்கிருந்து ஏறத்தாழ நூற்றுமுப்பது கிலோமீட்டர் தெற்கே, இடையில் தமிழ்நாட்டு மாவட்டங்களைக் கடந்து வந்து சேர வேண்டிய காரைக்காலில் இருக்கிறது. முதலில் திருச்சி என்.ஐ.டி.யின் வளாகத்தில் வகுப்புகள் நடந்தன. பிறகு காரைக்கால் நேரு நகரில் தற்காலிக இடம். இன்று திருவேட்டக்குடியில் சொந்த வளாகம். எம்மைப் போன்றவர்களுக்குத் திருவேட்டக்குடி என்றால் ஞானசம்பந்தர் பாடிய தலம். எம் மாணவர்களுக்கு அது என்.ஐ.டி. அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நகரத்துக் கல்லூரிகளுக்குப் பேருந்தில் வரும் பிள்ளைகளிடம் அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: அங்கே படிப்பவர்கள் தங்களைப் போன்றவர்கள் அல்லர். பக்கத்து ஊரில் இருப்பது பக்கத்தில் இருப்பதாகிவிடாது.

அவர்கள் தங்களைப் போன்றவர்கள் அல்லர் என்பது எப்போது முடிவாயிற்று? பதினைந்து வயதில். பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்த கையோடு 'எந்த குரூப்?' என்று கேட்கிறார்கள். முதல் குரூப் கிடைத்தவர் கணக்கும் இயற்பியலும் படித்து ஜே.இ.இ. பக்கம் போகலாம். வணிகவியலோ வரலாறோ எடுத்தவருக்கு அந்தக் கதவு அன்றோடு அடைந்துபோகிறது. என்.ஐ.டி.க்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநில மாணவர்களுக்கு என்கிறது விதி. நல்ல விதிதான், ஆனால் மேனிலைப் பள்ளியில் கணக்குப் படிக்காத காரைக்கால் பிள்ளைக்கு அந்தப் பாதியும் ஒன்றுதான், மீதிப் பாதியும் ஒன்றுதான். பதினைந்து வயதில், பெரும்பாலும் வீட்டுச் சூழலாலும் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இருந்தாரா இல்லையா என்பதாலும் தீர்மானமாகிற ஒன்றை 'விருப்பப் பாடம்' என்று அழைப்பதில் நமக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

இந்த மாணவர்கள் அத்தகைய வளாகங்களுக்குள் முதன்முதலாகக் காலடி வைப்பது பெரும்பாலும் விழா நாள்களில்தான். திருச்சி என்.ஐ.டி.யின் ஃபெஸ்டம்பர் 1975இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் மார்டி கிரா என்று நடந்துவந்த விழா பிற்பாடு சாரங் ஆயிற்று. கவிதை, விவாதம், நாட்டியம், நாடகம் என்று வெளிக் கல்லூரி மாணவர்களும் போட்டியிட வருகிறார்கள். (பொறியியல் கல்லூரிகளின் பெரும் புகழ்பெற்ற விழாக்கள் கலை விழாக்களாக இருப்பதையும், கலைக் கல்லூரிகளில் விழா என்றாலே காவல்துறை அனுமதி, நேரக் கட்டுப்பாடு என்று பேச்சுத் தொடங்குவதையும் யாரேனும் ஆராயலாம்.) இப்படிப் போய்த் திரும்பிய மாணவர்கள் எம்மிடம் மேடையைப் பற்றியோ பரிசைப் பற்றியோ அதிகம் பேசியதில்லை. "ராத்திரி பதினொரு மணிக்கும் நூலகத்துல விளக்கு எரியுது ஐயா" என்றான் ஒருவன். "எங்க போறீங்கன்னு யாரும் கேக்கல ஐயா" என்றாள் ஒரு பெண். மரத்தடியில் ஓர் ஆசிரியரோடு இரண்டு மாணவர்கள் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருந்ததை அதிசயம்போல் விவரித்தாள் இன்னொருத்தி.

இவற்றில் எதுவும் பொறியியல் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். திறந்திருக்கும் நூலகம், சந்தேகப்படாத வாயிற்காவலர், உட்கார்ந்து பேச நேரமுள்ள ஆசிரியர். இந்த மூன்றையும் ஒரு தமிழ்த் துறைக்குத் தர முடியாதபடி எந்த இயற்பியல் விதியும் தடுக்கவில்லை. மாலை நான்கு மணிக்கு நூலகத்தைப் பூட்டிவிட்டு, ஆசிரியர் பணியிடங்களைத் தொகுப்பூதியத்திலும் மணிக்கணக்கு ஊதியத்திலும் ஓட்டிக்கொண்டு, பெண் பிள்ளைகளின் துப்பட்டாவை அளந்துகொண்டிருக்கிற கல்லூரிகள் எத்தனையோ. அவற்றிலிருந்து ஒரு பிள்ளை வேறொரு வளாகத்தைப் பார்த்து ஏங்கினால் அது பெயர் மோகம் என்றால், மோகம் என்ற சொல்லுக்கு நாம் வேறு பொருள் தேட வேண்டும்.

இந்தக் கவர்ச்சி ஒரு காலத்தில் இதே டெல்டாவில் கலைக் கல்லூரிக்கே உரியதாக இருந்தது. காரைக்காலிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருக்கிறது கும்பகோணம். 1854இல் பள்ளியாகத் தொடங்கிக் கல்லூரியாக வளர்ந்த அங்கத்திய அரசுக் கல்லூரியைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அழைத்தார்கள். பட்டம் கொஞ்சம் மிகைதான். என்றாலும் அப்படி அழைக்கத் தோன்றியது என்பதே செய்தி. அங்கே தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வுபெறும்போது தம் இடத்துக்கு உ.வே.சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். 1880இல் ஐயர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அதே ஆண்டு அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியர் என்பதனால்தான் அவரைப் பொருட்படுத்தி, என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், தலபுராணங்கள் என்று ஐயர் அடுக்கிய பட்டியலில் முதலியாருக்குத் திருப்தி இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அதற்குப் பின் நடந்தது தமிழ் இலக்கிய வரலாறு.

இதை நாம் வகுப்பில் சொல்லும்போது ஏட்டுச் சுவடி, கரையான், வாகனப் பயணம் என்று உருக்கமான பகுதிகளையே சொல்கிறோம். கல்லூரியை விட்டுவிடுகிறோம். மாதச் சம்பளம் தந்த, மரியாதை தந்த, ஊரில் படித்த மனிதர்கள் தேடி வந்து பேசத் தக்க நிலையைத் தந்த ஒரு தமிழாசிரியர் பதவி அங்கே இருந்தது. ஐயருக்கு ஆங்கிலப் பட்டம் ஏதும் கிடையாது. ஆயினும் கணிதப் பேராசிரியரும் தத்துவப் பேராசிரியரும் நடமாடிய அதே தாழ்வாரத்தில் அவரும் நடந்தார். 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குச் செல்லும்வரை இருபத்துமூன்று ஆண்டுகள்.

அந்தக் கல்லூரியைப் பொற்காலமாக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. அதன் வகுப்பறைகளில் எந்தச் சாதியார் உட்கார முடிந்தது, யார் உட்கார முடியவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்த இராமாநுசன், கணிதம் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் போனதால் அந்த உதவித்தொகையை இழந்ததும் அங்கேதான். உயர்ந்த கல்லூரி என்பது எப்போதும் சிலரை உள்ளே இழுத்துப் பலரை வெளியே நிறுத்துகிற இடம். அந்த உயரம் ஒருகாலத்தில் தமிழுக்கும் வரலாற்றுக்கும் தத்துவத்துக்கும் இருந்தது, இன்று இல்லை என்பதே நாம் சொல்ல வருவது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு காலம் இருந்தது. திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் 1950களின் முற்பகுதியில் இயற்பியல் பட்டப்படிப்புப் படித்த இருவர், ஆ.ப.ஜெ.அப்துல் கலாமும் எஸ்.ரங்கராஜனும். பின்னவரை நமக்குச் சுஜாதா என்றால்தான் தெரியும். இருவரும் அங்கிருந்து குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனார்கள். சி.ராஜம் 1949இல் நிறுவிய எம்.ஐ.டி., அறிவியல் பட்டதாரிகளையே சேர்த்துக்கொண்டு மூன்றாண்டுகள் பொறியியல் கற்பித்தது. இயற்பியல் தமக்குரிய துறையல்ல என்பது பட்டப்படிப்பின் முடிவில்தான் தமக்குத் தெரிந்தது என்று கலாம் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் சொல்கிறார். சேர்வதற்கு வேண்டிய ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்கு அவர் சகோதரி சோஹரா தம் நகைகளை அடகு வைத்தார். இது பலரும் அறிந்த பகுதி. அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. திருச்சியில் இறுதியாண்டில் அவருக்கு இலக்கியச் சுவை பிடித்துக்கொண்டது. டால்ஸ்டாயையும் ஹார்டியையும் படித்தார். எம்.ஐ.டி.க்குப் போனபின் அங்கிருந்த தமிழ்ச் சங்கத்தின் கட்டுரைப் போட்டியில் நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற பொருளில் தமிழில் எழுதி, ஆனந்த விகடனின் 'தேவன்' கையால் முதல் பரிசு பெற்றார்.

இருபது வயதில் 'நான் தவறான துறையில் இருக்கிறேன்' என்று ஒருவர் கண்டுகொள்ளவும், கண்டுகொண்டபின் மாறிக்கொள்ளவும் அன்று ஒரு வழி இருந்தது. உயர்ந்த பொறியியல் கல்லூரி ஒன்றுக்குள் தமிழ்க் கட்டுரைக்குப் பரிசும் இருந்தது. இன்று பி.எஸ்சி. முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர விதி உண்டு, ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்களின் பி.டெக். வகுப்புகளுக்கு அந்த வழி செல்லாது.

தமிழ்நாட்டில் 1980களின் நடுவிலிருந்து சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. ஒரு கட்டத்தில் அவற்றின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. பிறகு பல மூடப்பட்டன. இன்று ஏதேனும் ஒரு பொறியியல் இடம் வேண்டுமென்றால் கிடைக்கும். நல்ல கல்லூரியில் பி.காம். இடம் கிடைப்பதுதான் கடினம். ஆகவே ஏக்கம் பொறியியலின் மீதானது என்ற கணக்கே பிழை. சாதாரணப் பொறியியல் கல்லூரியை எண்ணி எந்தத் தமிழ் மாணவரும் ஏங்குவதில்லை. படிப்பைப் படிப்பாக நடத்துகிறார்கள் என்று அவர் நம்பும் ஒருசில இடங்களை எண்ணியே ஏங்குகிறார். அந்த இடங்கள் தற்செயலாகப் பொறியியல் மதிலுக்குள் இருக்கின்றன. தற்செயல் என்று சொல்வதும் சரியல்ல. அரசு தன் பணத்தை எங்கே வைத்ததோ அங்கே இருக்கின்றன.

அந்த மதிலில் சில சிறு வாயில்கள் திறந்ததும் அடைந்ததும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2006இல் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.ஏ. படிப்பைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் எந்த குரூப் எடுத்தவரும் தனி நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். இடங்கள் சில பத்துகள்தாம், தேர்வு ஆங்கிலத்தில்தான். இருந்தாலும் வரலாறு குரூப் எடுத்த ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது வாயில். 2022உடன் அந்தத் தேர்வு முடிந்தது. 2023 முதல் இரண்டாண்டு எம்.ஏ. மட்டுமே, பட்டம் முடித்து 'கேட்' தேர்வு எழுதி வர வேண்டும். (வாயிற்கதவைப் பெயராகக் கொண்ட தேர்வு, பொருத்தம்தான்.)

இன்னொரு வாயில் பெரிது. 2020இல் சென்னை ஐ.ஐ.டி. தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவும் படித்திருக்கலாம். பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் இருந்தால் போதும். ஜே.இ.இ. வேண்டாம், அவர்களே நடத்தும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகளை மேற்கொள்ளலாம் என்று 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்தபின், பகலில் பி.ஏ., இரவில் தரவு அறிவியல் என்று படிக்கிற பிள்ளைகளை நாமும் பார்க்கிறோம். கண் சிவந்து முதல் வகுப்பில் அமர்ந்திருப்பார்கள். கடிந்துகொள்ள மனம் வருவதில்லை. பகல் படிப்பு வருகைப்பதிவுக்கு, இரவுப் படிப்பு வாழ்க்கைக்கு என்று அவர்கள் பிரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கத்தான் வருத்தம். தொல்காப்பியத்தின் சொற்பாகுபாட்டைப் பகலில் மனப்பாடம் செய்கிற ஒருத்தி, சொற்களை வகைப்படுத்தக் கணினிக்குக் கற்பிப்பது எப்படி என்று இரவில் படிக்கிறாள். இரண்டும் ஒரே கேள்வி என்று அவளுக்குச் சொல்ல எந்த வளாகத்திலும் ஆள் இல்லை. இணையவழிப் படிப்பு பாடத்தைத் தருகிறது. மரத்தடியைத் தர அதனால் இயலாது.

நுண்கலையில் சிறந்தவர்களுக்கென்று 2025இல் சென்னை ஐ.ஐ.டி. தனி இடங்கள் ஒதுக்கியது. செய்தி கேட்டு நாமும் மகிழ்ந்தோம். விதியைப் படித்தால், ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறிய கலைஞருக்குத்தான் அந்த இடம். வீணை வாசிக்கலாம், கரிம வேதியியலும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் குறையைச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டோம். கேட் தேர்வில் மானுடப் புலங்களுக்கும் சமூக அறிவியலுக்கும் 2021 முதல் ஒரு தாள் உண்டு. பொருளியல், ஆங்கிலம், மொழியியல், தத்துவம், உளவியல், சமூகவியல் என்று ஆறு பிரிவுகள், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ் இல்லை. வேறெந்த இந்திய மொழியின் இலக்கியமும் இல்லை. தமிழ் முதுகலைப் பட்டதாரி ஒருவர் அந்த வாயிலில் நிற்க வேண்டுமானால் மொழியியல் எடுக்கலாம், அதுவும் ஆங்கிலத்தில். இத்தனைக்கும் ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தமிழில் எழுத 2021 முதல் வழி செய்திருக்கிறார்கள். அதாவது பொறியாளராக விரும்புபவர் தமிழில் தேர்வு எழுதலாம். தமிழ் ஆய்வாளராக விரும்புபவருக்கு அங்கே தமிழில் தேர்வே கிடையாது. தமிழ்நாட்டின் தலைநகரில், கிண்டியில், 1959 முதல் இருக்கிற ஒரு நிறுவனத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ் படிப்பவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். அந்நிறுவனத்திலேயே ஏஐ4பாரத் என்ற ஆய்வகம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு மொழிபெயர்ப்புக் கருவிகளையும் பேச்சுக் கருவிகளையும் உருவாக்கி வருகிறது. தமிழ் இலக்கியங்களை மின்னுருவாக்கும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அதை முன்னெடுத்தவர் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர் கு.கல்யாணசுந்தரம். வேதியியலார் தமிழுக்குள் வந்து இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது. தமிழ் படித்தவர் தொழில்நுட்பத்துக்குள் போக மட்டும் ஏன் கூடாது? சந்தி பிரிக்கத் தெரிந்தவரும், காரைக்காலம்மையாரின் அந்தாதியில் ஒரு சொல் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று சொல்லத் தெரிந்தவரும் அந்த ஆய்வகங்களுக்குத் தேவை. கூலிக்கு மொழிபெயர்ப்பவராக அன்று, ஆய்வாளராக.

பழி முழுவதையும் ஐ.ஐ.டி. மீது போடுவதும் நேர்மையன்று. கேட் தாளில் தமிழ் சேர வேண்டும் என்று தமிழ்த் துறைகள் ஒன்றுகூடிக் கேட்ட செய்தி எதுவும் நம் காதுக்கு எட்டவில்லை. நாம் கருத்தரங்கு நடத்துகிறோம், கட்டுரைத் தொகுப்பு அச்சிடுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். பெரிய கல்லூரியைப் பற்றி மாணவர் கேட்டால் 'அது நமக்கெதற்கு' என்கிறோம். அந்த 'நமக்கு' என்ற சொல்லில் தாழ்வும் கர்வமும் கலந்திருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்தக் கரையிலிருந்து சைகோனுக்குக் கப்பல் ஏறியவர்களிடமும் யாரோ இதையே சொல்லியிருப்பார்கள். அவர்கள் ஏறினார்கள்.

செய்யக்கூடியது பெரிய காரியமும் அன்று. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் தமிழ் பல காலமாக ஒரு பாடம். அதற்கு முறையான பாடத்திட்டம் இருக்கிறது, வினாத்தாள்கள் இருக்கின்றன, வினா எடுக்கத் தெரிந்த பேராசிரியர்களும் இருக்கிறார்கள். அதை அடியொற்றிக் கேட் தாளில் ஏழாவது பிரிவாகத் தமிழைச் சேர்க்கக் கோரும் மனுவின் வரைவை எழுத ஒரு மாலை போதும். காரைக்கால், மயிலாடுதுறை, நாகை, கும்பகோணம், திருவாரூர் என்று சுற்றுவட்டத்துத் தமிழ்த் துறைகள் கையெழுத்திட்டாலே நூறு பெயர் தேறும். மனுவோடு இன்னொரு காகிதமும் வேண்டும், அது ஐ.ஐ.டி.க்கு அல்ல, நம் முதல்வர்களுக்கு. நூலகத்தை இரவு எட்டு மணிவரை திறந்துவைக்க வேண்டும். விளக்குக்கும் ஒரு பணியாளருக்கும் ஆகும் செலவைத் துறை நிதியிலிருந்து தொடங்கலாம். முதல் மாதம் வாயிலில் சாவியோடு உட்கார, முறைவைத்து, ஆசிரியர்களாகிய நாமே போதும்.